அன்னாசிக்கு விதை எது?

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், பொந்தியான் மாவட்டத்தில் உள்ளது பெக்கான் நானாஸ். மலாயில் பெக்கான் என்றால் சிறுநகரம், நானாஸ் என்றால் அன்னாசி. பழத்துக்கென்று ஓர் அருங்காட்சியகமே வைத்திருக்கும் ஊர் இது. நம் அன்னாசியும் இந்த நானாஸும் ஒரே வேர்ச்சொல்லின் கிளைகள். தென்னமெரிக்கத் துப்பி மொழியின் ‘நனாஸ்’ போர்த்துகீசியர் நாவில் ‘அனனாஸ்’ ஆகி, 16ஆம் நூற்றாண்டில் கப்பலேறியது. இந்தியில் அனன்னாஸ், தெலுங்கில் அனாச, சிங்களத்தில் அன்னாசி என்று கரைக்குக் கரை அது கொஞ்சம் உருமாறியது.

எல்லோரும் வந்த பெயரையே ஏற்றுவிடவில்லை. இலையைப் பார்த்தவர்களுக்குத் தாழை நினைவு வந்தது. தமிழில் பறங்கித்தாழை என்றும் ஒரு பெயர் உண்டு. மலையாளி தாழையோடு பலாவையும் சேர்த்துக் கைதச்சக்க என்றார். அக்பர் காலத்து அபுல் ஃபஸல் ‘அயினி அக்பரி’யில் தரும் பெயர் இன்னும் சுவையானது: கட்ஹல்-இ-சஃபரி, அதாவது பயணப் பலா. இளஞ்செடியைச் சட்டியில் வைத்து வழியோடு கொண்டு போகலாம், காய்க்கும் என்கிறார்.

அந்தப் பெயரில் பயிரின் இயல்பே அடங்கியிருக்கிறது: விதையை நம்பாமல் கன்றாகவே ஊர் மாறும் பயிர் இது. ஒரே ரக அன்னாசி தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை. வேறு ரகம் கலந்தால்தான் பழத்தில் சிறிய, கடினமான விதைகள் உண்டாகும். அதற்குப் பயந்தே மகரந்தம் சுமக்கும் ரீங்காரச்சிட்டைத் தன் மண்ணில் விடக்கூடாது என்று ஹவாய் சட்டம் போட்டிருக்கிறது.

அப்படியானால் அன்னாசிக்கு விதை எது? தமிழில் விதைக்கிழங்கு உண்டு, கரும்புக்கு விதைக்கரணை உண்டு. மண்ணில் வைத்தால் முளைப்பது எதுவோ அதுவே விதை. மலாயிலும் அன்னாசிக் கன்றை ‘பெனே’, விதை, என்றே சொல்கிறார்கள். பழத்தின் தலைக் கொண்டை, காம்பில் தோன்றும் கன்று, அடியில் வெடிக்கும் பக்கக்கன்று மூன்றும் நடவுக்கு ஆகும். பக்கக்கன்று சீக்கிரம் காய்க்கும், கொண்டை தாமதிக்கும். மூன்றையும் கலந்து நட்டால் அறுவடை முன்பின்னாகிவிடும். கன்று தாய்ச்செடியின் நகல். தாயின் இனிப்போடு மாவுப்பூச்சியும் வாடல் நோயும் கூடவே வரும். ஆகவே காய்ப்பு நேரத்திலேயே நல்ல தாயைக் குறித்து வைத்துக்கொள்வதுதான் இங்கே விதை சேமிப்பு.

உண்மை விதைக்கும் ஒரு வேலை உண்டு: புது ரகம் பிறப்பிப்பது. ஜொகூர், சரவாக் என்னும் இரு வகைகளைக் கலந்து மலேசிய வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான மார்டி 1996இல் வெளியிட்ட ரகம் ஜோசபைன். ஜொகூரின் ‘ஜோ’, சரவாக்கின் ‘ச’, ஆங்கிலத்தில் அன்னாசிக்குரிய பெயரிலிருந்து ‘பைன்’. கலந்து பிறந்த அதுவும் அதன்பின் கன்றாகவே பெருகுகிறது.

பொந்தியான் பகுதியில் அன்னாசி பெரும்பாலும் வளர்வது ‘தானா கம்புட்’ எனும் கரிமக்கு மண்ணில். சேற்றில் முழுதாக மக்காத மரமும் இலையும் படிந்து உண்டான மண் அது. கடும் அமிலம், செம்பும் துத்தநாகமும் குறைவு. பல பயிர்கள் திணறும் இடத்தில் அன்னாசி தாங்குகிறது. டின்னில் அடைப்பதற்கென்றே வளர்க்கப்பட்ட கண்டூல் ரகம் இந்த மண்ணுக்குப் பழகியது.

பழைய செடிகளை எரித்து மறுநடவு செய்வது முன்பு வழக்கம். சாம்பல் அமிலத்தைச் சிறிது காலம் தணிக்கும். ஆனால் இங்கே மண்ணே எரிபொருள்; தீ அடியில் இறங்கினால் அணைப்பது கடினம், புகைமூட்டமும் மிஞ்சும். இலைகளை நறுக்கி அங்கேயே மக்கவிட்டால் அவற்றிலிருக்கும் சாம்பல்சத்து மண்ணுக்கே திரும்பும். வேருக்குக் காற்று வேண்டும் என்று வாய்க்கால் வெட்டி நீரை மிகவும் வடித்துவிட்டால், உலர்ந்த கம்புட் காற்றோடு கலந்து கரைந்து ஆண்டுக்காண்டு தாழ்ந்துபோகும். நல்ல கன்றை எத்தனை முறையும் பெருக்கலாம். ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் படிந்த இந்த மண்ணைப் பெருக்க வழியில்லை. அதனால் வாய்க்காலின் நீர்மட்டத்தைக் காப்பதும் விதை காக்கும் வேலையில் சேர்ந்ததுதான்.