திராட்சைக் குடியானவர்களின் வக்கீல்

ஸ்பெயினில் உள்ள கேட்டலோனியாவின் திராட்சைத் தோட்டங்களில் குத்தகைக்குக் கெடு வைத்தது கொடிதான். ரபாஸா மோர்த்தா என்பது அந்தக் குத்தகையின் பெயர். குடியானவர் தரிசைத் திருத்திக் கொடி நடுவார். விளைச்சலில் ஒரு பங்கை நிலக்காரருக்கு அளப்பார். கொடிகளில் பெரும்பகுதி பட்டுப்போனால் நிலம் சொந்தக்காரர் கைக்குத் திரும்பும். பதியம் போட்டுக் கொடியின் ஆயுளை நீட்டி, தலைமுறை தலைமுறையாக ஒரே தோட்டத்தில் பாடுபட்ட குடும்பங்கள் உண்டு. 1879-இல் ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி உள்ளே வந்தது. பழைய கொடிகள் அழிந்தன. பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டி மறுபடி நட்டார்கள். புதுக் கொடிக்குச் செலவு அதிகம், ஆயுளோ குறைவு. கொடி செத்தது, குத்தகையும் தீர்ந்தது என்றார்கள் நிலக்காரர்கள்.

இந்த ஏழைகளின் வழக்கைத் தன் வழக்காக எடுத்துக்கொண்டவர் லூயிஸ் கும்பான்ஸ். 1882-இல் எல் தார்ரோஸ் கிராமத்தில் பிறந்து, பார்சிலோனாவில் சட்டம் படித்தவர். தொழிற்சங்கத்தாருக்காக வாதாடிப் பெயர் பெற்றார். 1920 நவம்பரில் அவரையே பிடித்து மெனோர்கா தீவுக் கோட்டையில் அடைத்தார்கள். அவருக்காகப் பேசக் கிளம்பிய நண்பர், வக்கீல் பிரான்செஸ்க் லாய்ரெட், வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். லாய்ரெட் நிற்க வேண்டிய சபதேல் தொகுதியில் கும்பான்ஸ் நின்று வென்றார். எம்.பி. ஆனதால் விடுதலை கிடைத்தது. 1922-இல் திராட்சைக் குடியானவர்களின் சங்கத்தை நிறுவினார்.

பிறகு பதவிகள் விரைந்து வந்தன. 1931 ஏப்ரல் 14 அன்று பார்சிலோனா நகரமன்ற மாடத்திலிருந்து குடியரசை அறிவித்தார். கேட்டலான் நாடாளுமன்றத்தின் முதல் சபாநாயகரானார். 1933-இல் மூன்று மாதம் ஸ்பெயினின் கடற்படை அமைச்சர். அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளில் கேட்டலோனிய அரசின் தலைவர் மாசியா மறைய, அந்தத் தலைமை இவரிடம் வந்தது.

வந்ததும் முதல் வேலையாகக் குத்தகைச் சட்டத்தைக் கையில் எடுத்தார். நெடுங்காலம் உழுதவர் அந்த நிலத்தை விலைக்கு வாங்க வழி செய்த சட்டம் அது. நிலக்காரர்கள் கொதித்தார்கள். மாட்ரிட் அரசு வழக்குப் போட, 1934 ஜூனில் நீதிமன்றம் சட்டத்தை ரத்து செய்தது. சில நாளிலேயே கேட்டலான் நாடாளுமன்றம் அதை மறுபடி நிறைவேற்றியது.

வலதுசாரிகள் மாட்ரிட் அமைச்சரவையில் சேர்ந்ததும், அக்டோபர் 6 அன்று, ஸ்பானியக் கூட்டாட்சிக் குடியரசுக்குள் கேட்டலான் அரசு என்று கும்பான்ஸ் பிரகடனம் செய்தார். என் பார்வையில் அவர் செய்த மிகப் பெரிய தவறு இதுதான். ஒரே இரவில் ராணுவம் அதை முறியடித்தது. அவருக்கு 30 ஆண்டுச் சிறை. தன்னாட்சி முடக்கப்பட்டது. எவருக்காகப் போராடினாரோ அந்தக் குடியானவர்கள் பலர் நிலத்தை விட்டுத் துரத்தப்பட்டார்கள்.

1936-இல் விடுதலையாகி மீண்டும் தலைவரானார். உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில் அவர் ஆட்சிப் பகுதியில் பாதிரிமார்களும் வலதுசாரிகளும் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டதை அவரால் தடுக்க முடியவில்லை. இதையும் வரலாறு எழுதித்தான் ஆகவேண்டும்.

போரில் குடியரசு தோற்ற பின் பிரான்சில் தஞ்சம் புகுந்தவர், மனநலம் குன்றிய மகனைத் தேடி அங்கேயே தங்கிவிட்டார். 1940 ஆகஸ்டில் ஜெர்மானியர் பிடித்து ஸ்பெயினின் சர்வாதிகாரி ஃபிராங்கோவிடம் ஒப்படைத்தார்கள். அக்டோபர் 14 அன்று நடந்த ராணுவ விசாரணை ஒரு மணி நேரம்கூட நீடிக்கவில்லை. மறுநாள் விடியலில் பார்சிலோனாவின் மொன்ஜுயிக் கோட்டையில் சுட்டுக் கொன்றார்கள். அத்தகைய தீர்ப்புகள் செல்லாது என்று ஸ்பெயின் சட்டம் இயற்றியது 2022-இல்தான்.