எப்.சி. கெடு 7 முறை தள்ளிப்போனது: கொரோனா காலத்தில் வண்டிக்காரர்களுக்கு கிடைத்த சலுகை

ஆட்டோ, டாக்சி, வேன், லாரி, பஸ் எதுவானாலும் எப்.சி. எனப்படும் தகுதிச்சான்று இல்லாமல் ரோட்டில் ஓட்டக்கூடாது. மோட்டார் வாகன சட்டம் 56-வது பிரிவின்படி எப்.சி. இல்லாத வாடகை வண்டி, முறையாக பதிவு செய்யாத வண்டிக்கு சமம். 8 வருஷம் வரை 2 வருஷத்துக்கு ஒரு தடவை, அதற்கு மேல் போனால் வருஷா வருஷம் வண்டியை காட்டி எப்.சி. வாங்க வேண்டும் என்பது 2018 நவம்பரில் வந்த விதி.

2020 மார்ச் 25-ந்தேதி நாடு முழுவதும் ஊரடங்கு வந்ததும் ஆர்.டி.ஓ. ஆபீஸ்கள் மூடப்பட்டன. பிரேக் இன்ஸ்பெக்டரிடம் வண்டியை காட்ட வழியில்லை. ஆனால் அரிசி, பருப்பு, மருந்து ஏற்றிய லாரிகள் ஓடியே ஆகவேண்டும். எப்.சி. முடிந்துபோன வண்டிகளை வழியில் மடக்கினால் என்ன செய்வது?

இதனால் மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2020 மார்ச் 30-ந்தேதி மாநிலங்களுக்கு ஒரு அறிவுரை அனுப்பியது. எப்.சி., பெர்மிட், டிரைவிங் லைசென்ஸ், ஆர்.சி. ஆகியவை 2020 பிப்ரவரி 1-ந்தேதிக்கு பிறகு காலாவதியாகி, ஊரடங்கால் புதுப்பிக்க முடியாமல் போயிருந்தால், ஜூன் 30 வரை செல்லுபடியாகும் என்று எடுத்துக்கொள்ள சொன்னது.

தள்ளிக்கொண்டே போன கெடு

கொரோனா விடவில்லை. கெடுவும் தள்ளிக்கொண்டே போனது.

2020 ஜூன் 9 அறிவிப்பு: செப்டம்பர் 30 வரை
2020 ஆகஸ்ட் 24: டிசம்பர் 31 வரை
2020 டிசம்பர் 27: 2021 மார்ச் 31 வரை
2021 மார்ச் 26: ஜூன் 30 வரை
2021 ஜூன் 17: செப்டம்பர் 30 வரை
2021 செப்டம்பர் 30: அக்டோபர் 31 வரை

முதல் அறிவிப்பையும் சேர்த்தால் மொத்தம் 7 முறை. 2021 அக்டோபர் 31-ந்தேதியோடு சலுகை முடிந்தது.

பலர் ஏமாந்தது எதில்?

2020 பிப்ரவரி 1-ந்தேதிக்கு முன்பே எப்.சி. முடிந்த வண்டிகளுக்கு இந்த சலுகை கிடையாது. அதேபோல இன்சூரன்சும் இதில் சேராது. மூன்றாம் நபர் இன்சூரன்சுக்கு தனி உத்தரவு வந்தது. 2020 மார்ச் 25 முதல் மே 3 வரை முடிந்த பாலிசிகளுக்கு மே 15-க்குள் பணம் கட்டினால் போதும் என்று அவகாசம் தந்தார்கள். அதோடு சரி. 'எல்லாத்துக்கும்தான் டைம் கொடுத்துட்டாங்களே' என்று இன்சூரன்ஸ் கட்டாமல் விட்ட வண்டி விபத்தில் சிக்கினால், நஷ்டஈடு ஓனர் தலையில்தான் விழும்.

பேப்பருக்குத்தான் சலுகை, பிரேக்குக்கு இல்லை

கெடு நீட்டியது பேப்பருக்குத்தான். மாசக்கணக்கில் நின்ற வண்டியில் பேட்டரி இறங்கும், டயர் காற்று இறங்கி ஒரே இடத்தில் அமுங்கும், பிரேக் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். தமிழ்நாட்டில் 10, 12-ம் வகுப்புக்கு ஸ்கூல் திறந்ததே 2021 ஜனவரி 19-ந்தேதிதான். அதுவரை ஸ்கூல் பஸ்கள் ஷெட்டில்தான் நின்றன.

எப்.சி. பேப்பர் மட்டும் உயிரை காப்பாற்றாது என்பதற்கு சென்னையிலேயே பாடம் உண்டு. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே ஸ்கூல் பஸ்சின் தரையில் இருந்த ஓட்டை வழியாக ரோட்டில் விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். அந்த பஸ்சுக்கு அண்மையில்தான் எப்.சி. கொடுத்திருந்தார்கள். அதன்பிறகே ஸ்கூல் வாகனங்களுக்கு தமிழக அரசு தனி விதிகள் கொண்டுவந்தது.

இப்போது எந்த சலுகையும் இல்லை. எப்.சி. எந்த தேதியில் முடிகிறதோ அதற்குள் வண்டியை காட்டியாக வேண்டும். அதற்கு போகும் முன்பு பிரேக், ஸ்டீயரிங், டயர், லைட், ஹாரன், வைப்பர், ஒளிரும் ஸ்டிக்கர் ஆகியவற்றை மெக்கானிக்கிடம் காட்டி சரிசெய்து கொண்டால் திருப்பி அனுப்ப மாட்டார்கள். ஒருநாள் வருமானமும் மிஞ்சும், வண்டியில் ஏறுபவர் உயிருக்கும் பயமில்லை.