ஊஞ்சல் மரத்துக்குள் ஆர்சனிக்: டேராடூனில் தொடங்கிய கதை

இன்னைக்கு எபிசோடுல ராஜா கிடையாது, போர் கிடையாது. குழந்தைங்க ஆடுற ஊஞ்சலோட மரத்தைப் பத்தித்தான் பேசப் போறேன். அந்த மரத்துக்குப் பின்னாடி ஒரு இந்திய விஞ்ஞானி, ஒரு விஷம், எழுபது வருஷ வரலாறு எல்லாம் இருக்கு.

இதுக்குக் காரணம் ஒரு நேயர் அனுப்பிய கேள்வி. அவர் டெக்சாஸில் இருக்கிறார். 1990-களில் கட்டிய ஒரு வீட்டை வாங்கியிருக்கிறார். பின்பக்கத் தோட்டத்தில் பழைய சொந்தக்காரர் விட்டுப்போன மர ஊஞ்சல் செட் ஒன்று நிற்கிறது. அவருக்கு மூன்று வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பிள்ளைகள். ஊரிலிருந்து வந்திருக்கும் அவருடைய அப்பா தூணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மரம் இரும்பு மாதிரி இருக்கு, இன்னும் இருபது வருஷம் தாங்கும், எதுக்குடா புதுசு?" என்கிறாராம். பக்கத்து வீட்டுக்காரரோ, "அதுல விஷம் இருக்கும், பிடுங்கிப் போடுங்க" என்கிறாராம். யார் சொல்றது சரி? இதுதான் கேள்வி.

ரெண்டு பேர் சொல்றதுலயும் உண்மை இருக்கு. அதைப் புரிஞ்சுக்க கொஞ்சம் பின்னாடி போகணும்.

கூரைக்குக் கீழே இருந்த ஊஞ்சல்

நம்ம ஊர் பழைய வீடுகளில் தேக்குப் பலகை ஊஞ்சல் இருக்கும். கூடத்து விட்டத்தில் சங்கிலி போட்டுத் தொங்கும். மூன்று தலைமுறை ஆடிய பலகை இன்னும் அப்படியே இருக்கு என்று பெருமையாகச் சொல்வார்கள். அதற்கு இரண்டு காரணம். ஒன்று, அது வைரம் பாய்ந்த தேக்கு. மரத்தின் நடுப்பகுதியான வைரத்தில், பூஞ்சைக்கும் கரையானுக்கும் ஒத்துவராத இயற்கைப் பொருட்கள் சேர்ந்திருக்கும். வெளிப்பக்கத்து வெளிறில் அது கிடையாது. அதனால்தான் நம்ம ஆசாரிகள் வெளிறைச் சீவித் தள்ளுவார்கள். இரண்டாவது காரணம் இன்னும் எளிமையானது. அந்த ஊஞ்சல் மழையில் நனைவதில்லை, மண்ணைத் தொடுவதும் இல்லை.

தோட்டத்தில் நடும் ஊஞ்சலுக்கு இந்த இரண்டு வசதியும் இல்லை. தூண் மண்ணுக்குள் நிற்கும். அடியில் ஈரம், மேலே காற்று. பூஞ்சைக்கு வேண்டியது இந்த இரண்டும்தான். ஒரு வேலித் தூண் பெரும்பாலும் தரைமட்டத்தை ஒட்டித்தான் இற்றுப்போகும். ஆழத்தில் காற்று போதாது, மேலே ஈரம் போதாது, தரைமட்டத்தில்தான் இரண்டும் சேர்ந்து கிடைக்கும். சாதாரண பைன் மரக் குச்சியை வெப்பமான, ஈரமான மண்ணில் நட்டு வைத்தால் சில ஆண்டுகளிலேயே முறிந்துவிடும்.

இந்தப் பிரச்சினைக்குத் தொழில்முறையில் பெரிய விடை கண்டவர் இங்கிலாந்தின் ஜான் பெத்தெல். 1838-இல் அவர் காப்புரிமை வாங்கிய முறை இதுதான்: மரத்தை ஓர் இரும்பு உருளைக்குள் அடைத்து, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, கிரியோசோட் என்ற தார் எண்ணெயை அழுத்தம் கொடுத்து மரத்துக்குள் ஏற்றுவது. ரயில்வே சிலீப்பர் கட்டைகளில் அடிக்கும் அந்தக் கறுப்பு நெடி நினைவிருக்கா? அது கிரியோசோட். கட்டை நன்றாகத் தாங்கும். ஆனால் தொட்டால் கையில் ஒட்டும், துணியில் கறை பிடிக்கும். தண்டவாளத்துக்குச் சரி. குழந்தை தொடுகிற பொருளுக்கு அது ஆகாது.

டேராடூன், 1933

இப்போ நம்ம கதையின் முக்கியமான ஆள் வருகிறார். சோண்டி காமேசன். டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1906-இல் தொடங்கிய நிறுவனம் அது.

தாமிரம் பூஞ்சையைக் கொல்லும் என்பது அன்றைக்கே எல்லோருக்கும் தெரியும். நம்ம ஊரில் மயில்துத்தம் என்று சொல்றோமே, அதுதான். திராட்சைத் தோட்டத்தில் அடிக்கிற போர்டோ கலவையில் இருப்பதும் அதுவே. ஆர்சனிக், அதாவது நம் பெரியவர்கள் பாஷாணம் என்று சொன்ன வகை, கரையானையும் பூச்சியையும் நிறுத்தும் என்பதும் தெரியும். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. இரண்டையும் தண்ணீரில் கரைத்து மரத்துக்குள் ஏற்றலாம். ஆனால் தண்ணீரில் கரைந்து உள்ளே போனது, மழை பெய்தால் தண்ணீரில் கரைந்தே வெளியேயும் வந்துவிடும்.

காமேசன் செய்தது, இவற்றோடு மூன்றாவதாக ஒரு குரோமியம் உப்பைச் சேர்த்தது. குரோமியம் மரத்துக்குள் போனதும் வேதிமாற்றம் அடைகிறது. அடையும்போது தாமிரத்தையும் ஆர்சனிக்கையும் பிடித்து மர நாரோடு கட்டிப்போடுகிறது. பிறகு மழை அதைச் சுலபமாகக் கழுவ முடியாது. ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் இருக்கிறவர்களுக்கு இது எளிதில் புரியும். தோல் பதனிடுவதில் குரோமியம் தோல் நாரைப் பிடித்துக்கொள்வதும் ஏறக்குறைய இதே மாதிரியான சங்கதிதான்.

1933-இல் உருவான இந்தக் கலவைக்கு 1938-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. சந்தையில் இதன் பெயர் 'அஸ்கு'. ஆர்சனிக், தாமிரம் இரண்டின் வேதிக் குறியீடுகளையும் சேர்த்து வைத்த பெயர். பின்னால் உலகம் முழுக்க இது தாமிரம், குரோமியம், ஆர்சனிக் மூன்றின் ஆங்கில முதலெழுத்துகளை வைத்து சிசிஏ என்று அறியப்பட்டது.

எனக்கு இதில் வியப்பு என்னவென்றால், இருபதாம் நூற்றாண்டில் உலகமெங்கும் பரவிய ஒரு பெரிய தொழில்நுட்பம் நம்ம நாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றிலிருந்து போயிருக்கிறது. ஆனால் இங்கே அந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் ரொம்பக் குறைவு.

கம்பத்திலிருந்து தோட்டத்துக்கு

இந்தக் கலவை முதலில் போனது கம்பங்களுக்கும் வேலித் தூண்களுக்கும் கட்டுமான மரங்களுக்கும். இவையெல்லாம் மனிதர்கள் எப்போதாவது தொடுகிற பொருட்கள். இதைக் கவனத்தில் வச்சுக்கோங்க.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் புறநகர் வீடுகள் பெருகின. தோட்டத்து ஊஞ்சல் அப்போது பெரும்பாலும் இரும்புக் குழாயில் செய்தது, ஆங்கில 'ஏ' எழுத்து வடிவத்தில் நிற்கும். குழாய் உள்பக்கமாகத் துருப்பிடிக்கும், வேகமாக ஆடினால் கால் தூக்கும். 1970-களுக்குப் பிறகு மர டெக், மர வேலி, மர ஊஞ்சல் எல்லாம் பரவலாக வந்தன. மலிவான தென் மாநிலத்து பைன் மரம், காமேசனின் கலவை, இரண்டும் பொருத்தமாகச் சேர்ந்தன. பைன் மரத்தின் வெளிறு மருந்தை நன்றாக உறிஞ்சும். ஆசாரி சீவித் தள்ளுகிற பகுதிதான் இங்கே உபயோகமான பகுதி! லேசான பச்சை நிறம், கையில் ஒட்டாது, நெடி கிடையாது, மண்ணில் நட்டாலும் பல பத்தாண்டுகள் தாங்கும். நீடித்து உழைக்கிற ஊஞ்சல் வேண்டும் என்று கடைக்குப் போன பெற்றோருக்கு இதைவிட நல்ல பதில் அன்றைக்குக் கிடையாது.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். மண்ணில் நடும் மரத்துக்கு ஒரு கன மீட்டருக்கு 6.4 கிலோ மருந்து ஏற்ற வேண்டும் என்பது அமெரிக்கத் தரம். பரவலாக இருந்த 'சி' வகைக் கலவையில் ஆர்சனிக் ஆக்சைடு 34 சதவீதம். அப்படியென்றால் எட்டு அடி உயரமுள்ள ஒரு நான்குக்கு நான்கு ஊஞ்சல் தூணுக்குள் ஏறக்குறைய 27 கிராம் ஆர்சனிக் இருக்கும். இது ஒரு தூணுக்கு மட்டும்.

பயந்துடாதீங்க. அது மர நாரோடு கட்டுண்டு கிடக்கிறது. தூணைத் தொட்டால் அத்தனையும் கைக்கு வராது. ஆனால் மேற்பரப்பிலிருந்து சிறு அளவு வருகிறது. மழையில் கொஞ்சம் மண்ணுக்கும் இறங்குகிறது. அந்தச் சிறு அளவுதான் பிரச்சினையே.

குழந்தையின் கை

குழந்தை தூணைப் பிடிக்கும், பிறகு விரலை வாயில் வைக்கும். மரக் கம்பத்தில் ஏறுகிற லைன்மேன் அப்படிச் செய்வதில்லை. பொருள் அதேதான். தொடுகிற ஆள் மாறிவிட்டார், தொடுகிற விதமும் மாறிவிட்டது.

2001-இல் அமெரிக்காவில் இது பெரிய விவாதமானது. விளையாட்டுச் சாதனங்களில் இந்த மரத்தைத் தடை செய்யுங்கள் என்று சுற்றுச்சூழல் அமைப்புகள் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்திடம் மனு கொடுத்தன. 2003-இல் ஆணையத்தின் ஆய்வாளர்கள் ஒரு மதிப்பீடு தந்தார்கள். இந்த மரத்தில் தொடர்ந்து விளையாடும் பத்து லட்சம் குழந்தைகளை எடுத்துக்கொண்டால், வாழ்நாளில் நுரையீரல் அல்லது சிறுநீர்ப்பைப் புற்றுநோய் இதனால் கூடுதலாக வரும் வாய்ப்பு 2 முதல் 100 பேருக்கு. கையிலிருந்து வாய்க்குப் போவதுதான் முக்கிய வழி என்றும் சொன்னார்கள்.

இதற்குள் 2002 பிப்ரவரியிலேயே அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஓர் அறிவிப்பு வெளியிட்டிருந்தது. உற்பத்தியாளர்கள் தாங்களாகவே வீட்டு உபயோக மரத்தில் சிசிஏ-வைக் கைவிடுகிறார்கள், 2003 டிசம்பர் 31-க்குப் பிறகு அப்படிப் பதப்படுத்த முடியாது என்பது அதன் சாரம். அதனால் ஆணையம் தடை மனுவைத் தள்ளுபடி செய்தது. ஏற்கெனவே நிற்கும் ஊஞ்சல்களையும் டெக்குகளையும் பிடுங்கச் சொல்லி முகமை உத்தரவிடவில்லை.

அங்கேதான் நம்ம டெக்சாஸ் நேயரின் வீட்டு ஊஞ்சல் மாட்டிக்கொண்டு நிற்கிறது. புதிதாகச் செய்யக் கூடாது, பழையது இருக்கலாம்.

அப்பா சரியா, பக்கத்து வீட்டுக்காரர் சரியா?

மரம் தாங்கும் என்று அப்பா சொன்னது சரி. தாங்குகிறது என்பதே, 2004-க்கு முந்தைய பைன் என்றால், சிசிஏ-வாக இருப்பதற்கு ஓர் அடையாளம். பச்சை நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், சில வருஷத்தில் அது வெளுத்துச் சாம்பல் நிறமாகிவிடும். செடார், ரெட்வுட் மரங்கள் மருந்தில்லாமலே ஓரளவு தாங்கும். எனவே மரம் எது என்று முதலில் பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கலாம்.

வைத்துக்கொள்வதென்றால் வழி இருக்கிறது. மரத்துக்குள் ஊறக்கூடிய பூச்சை வருடத்துக்கு ஒருமுறை அடித்தால் மேற்பரப்பில் வரும் ஆர்சனிக் குறையும். விளையாடி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஊஞ்சலில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது, அந்தத் தூசிதான் ஆபத்து. உடைந்த துண்டை அடுப்பிலோ கேம்ப்ஃபயரிலோ எரிக்கவும் கூடாது. சாம்பலிலும் புகையிலும் ஆர்சனிக் இருக்கும்.

ஆனால் என்னைக் கேட்டால், மூன்று வயதுப் பிள்ளை உள்ள வீட்டில் நான் அதை எடுத்துவிடுவேன். ஆபத்து பெரிது என்பதற்காக அல்ல, அது சிறியதுதான். ஆனால் மூன்று வயதுப் பிள்ளை ஒவ்வொரு முறையும் கை கழுவுகிறதா என்று பார்ப்பது நடக்கிற காரியம் இல்லை. இன்னொன்று, மரம் தாங்கினாலும் கொக்கியும் போல்ட்டும் அத்தனை வருஷம் தாங்கியிருக்காது. எடுக்கும்போது உள்ளூர் குப்பைத் துறையிடம் கேட்டு, அவர்கள் சொல்லும் இடத்தில் கொடுங்கள்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு: இன்றைய பதப்படுத்திய பைனில் ஆர்சனிக் இல்லை, தாமிரம் அதிகம். தாமிரம் சாதாரண இரும்பை அரிக்கும். அதனால் ஆணி, போல்ட் எல்லாம் துத்தநாகத்தில் முக்கி எடுத்ததாகவோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவோ இருக்க வேண்டும். செடார் என்றால் வைரப்பகுதியா என்று கேளுங்கள். நம்ம ஊரில் என்றால் கனமான ஜிஐ பைப்பில் சட்டம், தேக்குப் பலகையில் இருக்கை, அதுவே போதும். பதப்படுத்திய மரம் என்று கடைக்காரர் சொன்னால், எந்த மருந்து என்று கேட்காமல் வாங்காதீர்கள். எதை வாங்கினாலும் சங்கிலி கொக்கியில் உராயும் இடத்தை அடிக்கடி பாருங்கள், முதலில் தேய்வது அங்கேதான்.

காமேசனைக் குற்றவாளியாக்க இந்தக் கதையைச் சொல்லவில்லை. அவருக்கு முன்னால் இருந்த கேள்வி, மரம் எப்படி நிலைத்து நிற்கும் என்பது. அதற்கு அவர் தந்த விடையால் எத்தனையோ மரங்கள் வெட்டுப்படாமல் தப்பியிருக்கும். அந்த மரத்தைக் குழந்தை பிடித்து ஆடினால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. அதை யாராவது உரக்கக் கேட்பதற்கு ஏறக்குறைய எழுபது வருஷம் ஆகிவிட்டது.

உங்க வீட்டு ஊஞ்சல் எந்த மரம், யார் செய்தது என்று தெரிந்தால் எழுதுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.