வின்சியின் மரப்பொறிகள்

இத்தாலியின் தஸ்கனிப் பகுதியில், ஒலிவ மரங்கள் அடர்ந்த குன்றுகளுக்கிடையே உள்ள சிற்றூர் வின்சி. 1452 ஏப்ரல் 15 அன்று லியொனார்டோ பிறந்தது இவ்வூர்ப் பகுதியில்தான். ஆண்டுதோறும் ஏப்ரலில் ஊரார் அவரைக் கொண்டாடுகின்றனர். ஊர் நூலகம் அறிஞர் ஒருவரை அழைத்து அவரைப்பற்றி உரையாற்றச் செய்யும் வழக்கமும் 1960களில் தொடங்கியது.

பிறந்த நாள் இத்துணைத் துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம் அவருடைய தாத்தா அன்டோனியோ. குடும்பத்துப் பழைய ஏடொன்றின் கடைசிப் பக்கத்தில் நாள், கிழமை, இரவில் பிறந்த மணி, ஞானஸ்நானம் செய்வித்த பாதிரியார், உடனிருந்தோர் என எல்லாவற்றையும் எழுதி வைத்தார். பெற்றவள் பெயரை மட்டும் எழுதவில்லை. கத்தரீனா, நோட்டரியான செர் பியரோவின் மனைவி அல்லள். மணவுறவுக்கு வெளியே பிறந்த மகனுக்குத் தந்தையின் தொழில் மரபுரிமையாகக் கிட்டவில்லை. இன்று ஊரே கொண்டாடும் பிள்ளையின் கதை இப்படித் தொடங்குகிறது.

ஆனால் கொண்டாடும் ஊரிடம் அவர் தீட்டிய ஓவியம் ஒன்றுகூட இல்லை. சுவடிகள் மிலான், பாரிஸ், மத்ரித், வின்ட்சர் எனச் சிதறிக் கிடக்கின்றன. நீண்டு குறுகிய தோற்றத்தால் கப்பல் என்றே வழங்கப்படும் பழைய கோட்டையில், 1953-இல் ஊராட்சி ஓர் அருங்காட்சியகம் திறந்தது. ஐ.பி.எம். நிறுவனம் நன்கொடையாக அளித்த மாதிரிப் பொறிகளே அதன் முதற்செல்வம். அவற்றைச் செய்தவர் ரொபெர்தோ குவாதெல்லி. இவர் முசோலினி ஆட்சி 1939-இல் மிலானில் நடத்திய பெருங்கண்காட்சிக்கு மாதிரிகள் செய்தவர்களுள் ஒருவர். இத்தாலிய மேதைமையை உலகுக்குப் பறைசாற்றுவதே அக்கண்காட்சியின் நோக்கம். அந்த மாதிரிகள் நியூயார்க் சென்று, பின் டோக்கியோ சென்று, போரில் அழிந்தன. ஆக, வின்சியின் மரப்பொறிகளுக்குப் பின்னால் ஒரு சர்வாதிகாரியின் பெருமிதமும் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் விளம்பரமும் உண்டு. ஊரார் அவற்றைத் தம்முடையவையாக்கிக் கொண்டனர் என்பது வேறு செய்தி.

தமிழாசிரியன் என்ற முறையில் எனக்கு இங்கே ஓர் உறுத்தல். மாதிரி என்பது மூலம் அன்று, உரை. உரையாசிரியர் இடைவெளிகளை இட்டு நிரப்புகிறார். சில வேளைகளில் மூலத்தில் இல்லாததையும் காண்கிறார். ஆனால் தேக்கிலும் பித்தளையிலும் செய்த உரையை யாரும் உரை என்று எண்ணுவதில்லை. "ஹெலிகாப்டரைக் கண்டுபிடித்தவர் இவர்தானே?" என்று என் வகுப்பு மாணவர்கள் கேட்பார்கள். அவர் வரைந்தது கஞ்சியிட்ட துணியாலான ஒரு திருகு; பறந்ததற்குச் சான்று ஏதும் இல்லை.

தானே ஓடும் வண்டியின் கதை இன்னும் சுவையானது. அட்லாண்டிக் சுவடியின் 812-ஆம் ஏட்டில் உள்ள இப்படத்தில் வில்போன்ற இரு பட்டைச் சுருள்கள் கண்ணில் படும். வண்டியை ஓட்டும் விசை அவற்றில்தான் என்று கொண்டு 1939 முதல் மாதிரிகள் செய்தனர். ஓடவில்லை. குறை லியொனார்டோவினுடையது என்றே பலரும் கருதினர். பிற்பாடு கார்லோ பெத்ரெத்தி, மார்க் ரோஷைம் ஆகியோர் ஏட்டை மீண்டும் படித்தனர். உந்துவிசை கீழேயுள்ள உருளைகளுக்குள் மறைந்திருக்கும் சுருள்களில். மேலே தெரியும் விற்கள் ஓட்டத்தைச் சீர்செய்வதற்கே என்றனர். 2004-இல் ஃபிளாரன்ஸில் அவ்வாறே செய்து பார்த்தபோது வண்டி ஓடியது. மூலம் பிழைபடவில்லை, உரைதான் பிழைத்திருந்தது.

லியொனார்டோ மறைந்து ஐந்நூறாண்டு நிறைந்த 2019-இல் ஊருக்கு ஒரு மூலமும் வந்தது. ஃபிளாரன்ஸின் உஃபீஸி காட்சியகத்திலுள்ள ஆர்னோ பள்ளத்தாக்கின் நிலக்காட்சி அது. நாளிட்ட அவருடைய படைப்புகளில் மிகப் பழையது. இருபத்தொரு வயது இளைஞன் இடமூலையில் வலமிருந்து இடமாக நாளைக் குறித்திருக்கிறான்: 1473 ஆகஸ்ட் 5. குடியரசுத் தலைவர் மத்தரெல்லா ஏப்ரல் 15 அன்று வின்சிக்கு வந்து கண்காட்சியைத் தொடங்கி வைத்தார். சில வாரங்கள் அந்தத் தாள் கோட்டையில் இருந்தது. பிறகு ஃபிளாரன்ஸுக்குத் திரும்பிவிட்டது.