ஈயம் இரண்டு, லைன் இரண்டு

அம்மா கொடுத்தனுப்பிய ஈயச்சொம்பில் மனைவி ரசம் வைத்ததைப் பார்த்துப் பக்கத்து ஃபிளாட் தமிழ்ப் பையன் பதறிவிட்டான். "அண்ணி, ஈயம் விஷமாச்சே!"

குழப்பம் நம் பேச்சு வழக்கில் இருக்கிறது. சொம்பு வெள்ளீயம், விஷம் காரீயம். இரண்டையும் நாம் ஈயம் என்றே சொல்லிவிடுகிறோம். இந்திக்காரர்கள் ராங்கா, சீசா என்று தனித்தனியாக வைத்திருக்கிறார்கள்.

நொய்டாவில் எனக்குச் சோறு போடுவதும் இந்த இரண்டு ஈயமும்தான். சர்க்யூட் போர்டு தயாரிக்கும் தொழிற்சாலையில் தரச் சோதனை என் வேலை. போர்டில் பாகங்களைப் பிடித்து வைக்கும் சால்டரில் வெகுகாலம் 63 சதவீதம் வெள்ளீயம், 37 சதவீதம் காரீயம் இருந்தது. 183 டிகிரியில் உருகும், விலையும் குறைவு.

2001 கடைசியில் நெதர்லாந்து அதிகாரிகள் சோனியின் பிளேஸ்டேஷன் கருவிகளைத் தடுத்து நிறுத்தினார்கள். கேபிளில் காட்மியம்! உலகமே விழித்துக்கொண்டது. தொழிலில் 'ரோஸ்' என்று நாங்கள் சொல்லும் ஐரோப்பியச் சட்டம் 2006 ஜூலை 1 அன்று அமலுக்கு வந்தது. காரீயம், பாதரசம், காட்மியம் உட்பட ஆறு பொருட்களுக்குக் கட்டுப்பாடு. காரீயம் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

எங்கள் தொழிற்சாலையில் உடனே இரண்டு லைன் ஆனது. ஐரோப்பா லைனில் 96.5 சதவீதம் வெள்ளீயம், மீதி வெள்ளியும் செம்பும். உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும். உள்நாட்டு லைனில் அதே பழைய சால்டர். ஜெர்மனிக்குப் போகும் போர்டில் கூடாத காரீயம் கான்பூருக்குப் போவதில் இருக்கலாம். சட்டப்படி தப்பில்லை. நானும் இரண்டுக்கும் முத்திரை குத்தினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய மானிட்டர் பாகம் தேடி டெல்லி சீலம்பூர் போனேன். ஒரு சந்தில் என் மகன் வயதுப் பையன் போர்டை அடுப்பில் சூடாக்கிச் சிப்புகளைத் தட்டி எடுத்துக்கொண்டிருந்தான். குவியலில் கிடந்த ஒன்றைத் திருப்பினேன். மூலையில் என் முத்திரை. பாகம் வாங்காமலே திரும்பிவிட்டேன்.

இந்தியாவின் மின்கழிவு விதிகள் 2011-ல் அறிவிக்கப்பட்டு 2012 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தன. காரீய வரம்பு இன்னும் இரண்டு வருடம் கழித்து, 2014 மே மாதம். ஐரோப்பாவுக்கும் நமக்கும் இடையே எட்டு வருடம். அன்றுதான் எங்கள் இரண்டு லைனும் ஒன்றாயின.

கதை அங்கே முடியவில்லை. காரீயம் போன இடத்தில் வெள்ளீயம் கூடுதலாக வந்தது. அது எங்கே தோண்டியது? காங்கோவில் ஆயுதக் கும்பல்களுக்குக் கனிமப் பணம் போவதைத் தடுக்க, அமெரிக்கா 2010-ல் ஒரு சட்டம் போட்டது. வெள்ளீயம், டாண்டலம், டங்ஸ்டன், தங்கம் ஆகிய நான்கும் எங்கிருந்து வந்தன என்று கம்பெனிகள் விசாரித்துச் சொல்ல வேண்டும். அந்தப் படிவங்களை நிரப்புவதும் இப்போது என் வேலை. எந்த உருக்காலை என்ற கட்டத்தைக் காலியாக விட்டு வரும் சப்ளையரை நான் விடுவதில்லை.

உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய போன், கம்ப்யூட்டரைக் கபாடிவாலாவிடம் எடைக்குப் போடாதீர்கள். அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். அதில் என் முத்திரையும் இருக்கலாம்.