பேக்கர் தெரு நிலையம் (லண்டன்)

பேக்கர் தெரு நிலையம், உலகின் முதல் சுரங்கப் பயணியர் ரயில்பாதையில் அமைந்த நிலையங்களுள் ஒன்று. பேடிங்டன்–ஃபேரிங்டன் இடையே மெட்ரோபாலிட்டன் ரயில்வே அமைத்த இப்பாதை 1863 ஜனவரி 10 அன்று திறக்கப்பட்டது. தலைமைப் பொறியாளர் ஜான் ஃபவுலர்.

வரலாறு: சாலையைத் தோண்டிப் பாதையமைத்து, மேலே செங்கல் வளைவால் மூடும் முறையில் இது கட்டப்பட்டது. தொடக்கத்தில் நீராவி எஞ்சின்களே ஓடியதால், புகை வெளியேறவும் வெளிச்சம் வரவும் சுவர்களில் சாய்வான திறப்புகள் விடப்பட்டன. 1868இல் ஸ்விஸ் காட்டேஜுக்குக் கிளைப்பாதை பிரிந்தது. 1905இல் மின்ரயில்கள் ஓடத் தொடங்கின. 1906 மார்ச் 10 அன்று ஆழ்சுரங்கத்தில் பேக்கர்லூ தடம் வந்து சேர்ந்தது. அதன் ஸ்டான்மோர் கிளை 1979இல் ஜூபிலி தடத்துடன் இணைக்கப்பட்டது.

அமைப்பு: ஐந்து தடங்கள் கூடும் இங்கு 10 நடைமேடைகள் உள்ளன, லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் இதுவே மிக அதிகம். 1 முதல் 4 வரையிலானவை மெட்ரோபாலிட்டன் தடத்துக்குரியவை. 1863ஆம் ஆண்டின் மூல நடைமேடைகளான 5, 6 ஆகியவற்றைச் சர்க்கிள், ஹேமர்ஸ்மித்–சிட்டி தடங்கள் பயன்படுத்துகின்றன. அவற்றின் பழைய செங்கல் வளைவு 1980களில் புதுப்பிக்கப்பட்டது. ஆழத்தில் 8, 9 பேக்கர்லூ தடத்துக்கும், 7, 10 ஜூபிலி தடத்துக்கும் உரியவை. ஒரே திசையில் செல்லும் இவ்விரு தட ரயில்களும் அடுத்தடுத்த நடைமேடைகளில் நிற்பதால், படியேறாமலே வண்டி மாறலாம்.

நிலையத்தின் மேல் எழுந்துள்ள சில்டர்ன் கோர்ட் அடுக்குமாடிக் கட்டடத்தில் எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ் வாழ்ந்தார். நிலையத்துக்கு வெளியே நிற்கும் ஷெர்லாக் ஹோம்ஸ் சிலை 1999இல் நிறுவப்பட்டது.