இந்நாட்டின் பழைய வீடுகளும் புதிய வீடுகளும்

எம்மவர் மத்தியில் வீடு வாங்கும் பேச்சு எழுந்தால் இரண்டு கட்சிகள் உருவாகிவிடுவது வழக்கம். "பழைய வீடு வேண்டாம், சுவரெல்லாம் ஈரமும் பூஞ்சணமும்தான்" என்பர் ஒரு சாரார். "புதிய வீடு தீப்பெட்டி, நூறு வருடம் நின்ற வீடு இன்னும் நூறு வருடம் நிற்கும்" என்பர் மறு சாரார். கோவில் மண்டபத்தில் அன்னதானம் முடிந்து கைகழுவும் நேரத்திற்கூட இந்த வழக்கு நடப்பதை அங்கத்தவர்கள் அறிவார்கள். இரு சாராரும் கவனியாத விடயம் ஒன்று உண்டு. இந்நாட்டுப் பழைய வீடு மூச்சு விடும்படி கட்டப்பட்டது. பின்வந்தோர் அந்த மூச்சை அடைத்துவிட்டார்கள். ஈரமும் பூஞ்சணமும் பெரும்பாலும் அதன் பின்னர் வந்தவையே.

இங்கிலாந்தில் ஏறத்தாழ ஐந்து வீடுகளில் ஒன்று 1919ஆம் ஆண்டுக்கு முற்பட்டது. இலண்டனில் செங்கல் வீடு வழக்கமானதற்கு 1666ஆம் ஆண்டின் பெருந்தீயும், அதனை அடுத்து வந்த சட்டமும் காரணம். பின்னர் அரசாங்கம் வீட்டையே வரி வாங்கும் பொருளாக்கியது. 1696 முதல் 1851 வரை யன்னலுக்கு வரி, 1784 முதல் 1850 வரை செங்கல்லுக்கு வரி. வரிக்குப் பயந்து யன்னலைக் கல்லால் அடைத்த வீடுகளை இன்றும் காணலாம். வெளிச்சத்துக்கு வரி போட்ட அரசாங்கம் உலகில் வேறெங்கும் இருந்திராது என்று எண்ணவேண்டாம்; பிரான்சு தேசத்திலும் இருந்தது.

நம்மவர் பலர் வாழும் நீண்ட வரிசை வீடுகள், அதாவது ரெறஸ் வீடுகள், பெரும்பாலும் 1875ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்துக்குப் பின் எழுந்தவை. அதற்கு முன்னர் தொழிலாளர் குடியிருந்த சந்துகளில் காற்றும் இல்லை, வெயிலும் இல்லை. கொலரா வந்து கொத்துக் கொத்தாகக் கொண்டுபோயிற்று. புதிய விதிகள் தெருவுக்கு அகலம் குறித்தன; வீட்டின் பின்னால் வெறும் நிலம் விடச் சொல்லின; நிலத்து ஈரம் சுவரில் ஏறாதபடி அடியில் தடுப்பு வரி வைக்கச் சொல்லின. ஈஸ்ற் ஹாம் பகுதியை எடுத்துக்கொள்வோம். 1870இல் பெக்ரன் எரிவாயு ஆலை, 1880இல் றோயல் அல்பேட் கப்பற்றுறை என்று வேலை பெருக, வயலும் சேறுமாக இருந்த இடத்தில் தெருத் தெருவாக வீடுகள் முளைத்தன. 1891இல் முப்பதினாயிரத்தைச் சற்றே தாண்டிய சனத்தொகை, 1901இல் ஏறத்தாழ 96,000 ஆயிற்று. இந்தத் தெருக்களில் ஒரே அச்சில் வார்த்தாற்போல் வீடுகள் நிற்பதன் காரணம் இந்த அவசரமே.

அந்த வீடு எப்படி வேலை செய்தது என்பதைச் சிறிது விரிவாகவே சொல்லவேண்டியுள்ளது. சுவர் ஒன்பது அங்குலத் தடிப்பு. அதாவது ஒரு செங்கல்லின் நீளம். நடுவில் இடைவெளி கிடையாது. கற்களை இணைத்தது சுண்ணாம்புச் சாந்து. மழை பெய்தால் இச்சுவர் நீரைக் குடிக்கும். காற்றடித்தால் அதைத் திருப்பிக் கொடுக்கும். கீழ்த்தளத்தின் மரப்பலகைகளுக்கு அடியில் வெற்றிடம் இருக்கும். அதற்குள் காற்றுப் போய்வர, வெளிச் சுவரின் அடியில் துளையிட்ட கற்கள் பதித்திருப்பார்கள். ஒவ்வோர் அறையிலும் நிலக்கரிக் கணப்பு. நெருப்பு எரியும்போது அறைக் காற்றைப் புகைபோக்கி மேலே இழுக்கும். அவ்விடத்தை நிரப்ப யன்னல் இடுக்கு, கதவின் அடி, தரைப்பலகை எல்லாவற்றாலும் வெளிக்காற்று உள்ளே வரும். முகம் சுடும், முதுகு குளிரும். ஆனால் ஈரம் தங்க இடமிருக்கவில்லை. எங்கள் ஊர் நாற்சார் வீட்டில் முற்றம் செய்த வேலையை இங்கே புகைபோக்கி செய்தது என்று சொன்னால் மூத்தவர்களுக்கு உடனே விளங்கும்.

இந்த முறைக்கு நகரம் கொடுத்த விலை பெரிது. 1952 டிசம்பர் 5ஆந் திகதி முதல் ஐந்து நாட்கள் இலண்டனை மூடிய புகைப்பனியில் நாலாயிரம் பேர் இறந்ததாக அன்று கணக்கிட்டார்கள். பிற்கால ஆய்வுகள் பன்னீராயிரம் வரை செல்கின்றன. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. 1965இல் வடகடலில் எரிவாயு கிடைத்தது. நிலக்கரி போய், குழாய்வழிச் சுடுநீரும் றேடியேற்றரும் வந்தன. அது நல்ல மாற்றம், சந்தேகமில்லை. ஆனால் அதனோடு கணப்பின் வாயைப் பலகையால் அடைத்தார்கள். புகைபோக்கிக்கு மூடி போட்டார்கள். இடுக்குள்ள மர யன்னலைக் கழற்றி இரட்டைக் கண்ணாடியும் பிளாஸ்ரிக் சட்டமும் பொருத்தினார்கள். சுண்ணாம்புச் சாந்தைச் சுரண்டிச் சிமெந்து பூசினார்கள். பின்வளவைச் சிமெந்தால் உயர்த்தியபோது துளைக்கற்கள் மண்ணுக்குள் போயின. ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் நியாயமான வேலை. எல்லாம் சேர்ந்து வீட்டின் மூச்சை நிறுத்திவிட்டன.

அந்த நிலையில்தான் நாங்கள் வந்து சேர்ந்தோம். 1983க்குப் பின் வந்தவர்கள் மூன்று அறை வீட்டில் இரண்டு, மூன்று குடும்பங்களாக இருந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். நான்கு பேருள்ள ஒரு குடும்பத்தின் மூச்சு, சமையல், குளிப்பு, உடுப்புக் காயவைத்தல் எல்லாமாக நாளொன்றுக்குப் பத்து லீற்றர் அளவு நீரைக் காற்றில் விடுகின்றன. சோற்றுப் பானையின் ஆவியும் அதற்குள் அடக்கம். அந்த நீர் போக வழியில்லாமல், குளிர்ந்த சுவர் மூலையில், அலுமாரிக்குப் பின்னால், கறுப்பாகப் படிந்தது. சேர்வேயர் வந்து பார்த்து, "நிலத்து ஈரம், ஊசி போட்டு மருந்து ஏற்றவேண்டும்" என்று ஆயிரக்கணக்கில் செலவு சொன்ன இடங்களிலும், துளைக்கல்லின் வாயைத் திறந்துவிட்டாலே பாதி குறைந்த வீடுகள் உண்டு.

முதல் உலகப் போருக்குப் பிந்திய வீடுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கவுன்சில்கள் வீடு கட்டத் தொடங்கின. ஹறோ, வெம்ப்ளி பக்கத்து இரட்டை வீடுகள் பெரும்பாலும் அடுத்த இருபது வருடத்தவை. இரட்டைச் சுவரும் நடுவில் இடைவெளியும் அப்போது பரவலாயின. இந்நாட்டில் கட்டப்பட்டவற்றுள் குடும்பத்துக்குத் தோதான வீடு இதுவே என்பது என் அபிப்பிராயம்.

புதியது என்பதற்காகவே நம்பிய காலமும் ஒன்று இருந்தது. அதன் கதை நியூஹாமில் உள்ளது. கனிங் ரவுணில் 22 மாடி றோனன் பொயின்ற் கட்டடம் 1968 மார்ச்சில் குடிபுகத் திறக்கப்பட்டது. தொழிற்சாலையில் வார்த்த கொங்கிறீற் பலகைகளைச் சீட்டுக்கட்டுப்போல அடுக்கிய கட்டடம் அது. மே 16ஆந் திகதி விடியற்காலை, 18ஆம் மாடியில் ஒரு பெண்மணி தேநீர் வைக்க அடுப்பைப் பற்றவைத்தார். கசிந்திருந்த எரிவாயு வெடித்துச் சுவர்ப்பலகையை வெளியே தள்ளியது. மேல் மாடிகள் சரிந்து கீழ் மாடிகளில் விழ, கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும் இறங்கியது. நால்வர் இறந்தனர், தேநீர் வைத்தவர் உயிர் தப்பினார். மூலையைத் திருத்திக் கட்டி மீண்டும் ஆட்களைக் குடியேற்றினார்கள். 1986இல் அதனைப் பலகை பலகையாகக் கழற்றியபோது, சாந்து இருக்கவேண்டிய இணைப்புகளுக்குள் பழைய பத்திரிகைத் தாள்கள் அடைந்திருக்கக் கண்டனர். இன்று அந்த இடத்தில் இரண்டு தட்டு வீடுகள் நிற்கின்றன.

2017 யூன் 14ஆந் திகதி 72 உயிர்களைக் கொண்டுபோன கிறென்பெல் ரவரில் நிகழ்ந்தது வேறு விதம். 1974இல் முடிந்த கொங்கிறீற் கட்டடம் அது. குளிரைத் தடுக்கவும் அழகுக்காகவும் 2016இல் போர்த்திய புதிய மேற்சட்டையில்தான் தீ ஏறி ஓடியது. அதன் பின்னர், வெளிச்சுவரில் என்ன பொருள் உள்ளது என்று தெரியாத பிளாற்றுகளை விற்கவும் முடியாமல் இருக்கவும் பயந்து தவித்த குடும்பங்களுள் எம்மவரும் உள்ளனர். பிளாற் வாங்க எண்ணும் பிள்ளைகள் சமையலறையின் மினுக்கத்தைப் பார்க்குமுன் வெளிச்சுவர் பற்றிய பத்திரத்தைக் கேட்கட்டும்.

இன்று கட்டப்படும் வீட்டை வெறுமனே தீப்பெட்டி என்பது நியாயமாகாது. பழைய ஒன்பது அங்குலச் சுவர் இழக்கும் வெப்பத்தில் எட்டில் ஒரு பங்குகூட இன்றைய விதிப்படி கட்டிய சுவர் இழக்காது. முதியவர் உள்ள வீட்டில் இது காசுக் கணக்கு மட்டுமல்ல, உயிர்க் கணக்கும் ஆகும். ஆனால் இவ்வீடு வேண்டுமென்றே அடைக்கப்பட்டது. அதன் மூச்சு மின்விசிறியிலும், யன்னல் சட்டத்தின் மேலுள்ள சிறு திறப்பிலும் இருக்கிறது. "சத்தம் போடுகிறது, கரண்ட் குடிக்கிறது" என்று விசிறியை நிறுத்துபவர்கள் பழைய வீட்டுக்கு நடந்ததையே புதிய வீட்டுக்கும் செய்கிறார்கள். 2022 யூலை 19இல் இந்நாட்டில் வெப்பம் 40.3 பாகைக்கு ஏறிய அன்று, பெரிய கண்ணாடி யன்னல் வைத்த புதுப் பிளாற்றுகளில் இருந்தவர்கள் வேறொரு பாடத்தைப் படித்தார்கள்.

இடமும் குறைந்துவிட்டது. 1961இல் பாக்கர் மொறிஸ் குழு, வீட்டில் சாமான் வைக்க எவ்வளவு இடம் வேண்டும் என்பதுவரை அளவு சொன்னது. கவுன்சில் வீடுகளுக்குக் கட்டாயமாக இருந்த அந்த அளவுகள் 1980இல் கைவிடப்பட்டன. அரிசி மூட்டையையும் திவசத்துக்கு எடுக்கும் பெரிய பாத்திரங்களையும் எங்கே வைப்பது என்பது புதிய வீட்டில் வரும் முதற் கேள்வி. இரண்டாவது சுவாமி இடம். பழைய வீட்டில் புகைபோக்கியின் இருபுறமும் சுவர் உள்வாங்கி மாடம்போல அமைந்திருக்கும். பலர் அதிலேயே தட்டு அடித்துப் படங்களை வைத்தார்கள். கட்டினவன் எங்களுக்காகவே விட்டுவைத்தது போன்ற இடம். புதிய வீட்டின் மெல்லிய உட்சுவர் பாரமான படத்துக்கு அடித்த ஆணியைத் தாங்காது. சிறியதொரு தகவல்: 2022 யூன் 30க்குப் பின் எழுதப்படும் பெரும்பாலான நெடுங்காலக் குத்தகைகளில் நிலவாடகை கேட்க முடியாது. அதற்கு முந்திய பிளாற்றுகளுக்கு இது பொருந்தாது.

பழைய வீட்டுக்காரருக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. அரசாங்கத் திட்டம் என்று கதவைத் தட்டி, வெளிச்சுவருக்கு இலவசமாகக் குளிர்காப்புப் போர்வை போட்டுத் தருவதாகச் சொன்னவர்களை அங்கத்தவர் பலர் சந்தித்திருப்பார்கள். 2025 ஒக்ரோபரில் தேசியக் கணக்காய்வு அலுவலகம் வெளியிட்ட அறிக்கையின்படி, அண்மைத் திட்டங்களில் அவ்வாறு வெளிச்சுவர் மூடிய வீடுகளில் நூற்றுக்கு 98இல் திருத்த வேண்டிய குறைகள் இருந்தன. சுவரின் இயல்பு அறியாமல் போர்த்தினால் உள்ளே ஈரம் சிறைப்படும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதனைக் கட்டாயம் அறிந்திருக்கவேண்டும். 2020 டிசம்பரில் றொச்டேல் நகரில் அவாப் இசாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை, பிளாற்றில் படர்ந்திருந்த பூஞ்சணத்தினால் நுரையீரல் பாதிக்கப்பட்டு இறந்தது. சூடானிலிருந்து வந்த அந்தப் பெற்றோர் திரும்பத் திரும்ப முறையிட்டிருந்தார்கள். அவர்கள் குளிக்கும் முறையும் வாழும் முறையுமே ஈரத்துக்குக் காரணம் என்று வீட்டை வைத்திருந்தவர்கள் எண்ணிவிட்டார்கள். சமைப்பதும் குளிப்பதும் குற்றமல்ல. அந்த ஆவி வெளியேற வழி வைப்பது வீட்டுக்காரர் கடமை. 2022 நவம்பரில் முடிந்த மரண விசாரணை, காற்றோட்டம் போதாமையையும் முறையீடு கவனிக்கப்படாமையையும் சுட்டியது. அதன் விளைவாக 2023இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 2025 ஒக்ரோபர் 27 முதல், கவுன்சிலும் வீட்டுச் சங்கங்களும் அபாயமான ஈரம், பூஞ்சணம் பற்றிய முறைப்பாட்டைப் பத்து வேலை நாட்களுக்குள் வந்து பார்க்கவேண்டும். உயிராபத்தான குறை என்றால் 24 மணித்தியாலத்துக்குள் பாதுகாப்புச் செய்யவேண்டும். தொலைபேசியில் சொன்னால் போதாது. திகதியிட்டு எழுதிக் கொடுத்து, படத்துடன் ஒரு பிரதியை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.